பொறிவண்டுகளைக் கண்டறிதலும் படம்பிடித்தலும்

நெல்வயலிலும் காய்கறித் தோட்டத்திலும் கமக்காரரின் கண்ணிற்படும் பூச்சிகள் யாவும் பயிருக்குப் பகையானவை அல்ல. பயிரைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்துத் தின்று வாழும் பூச்சிகளும் அங்கே உள. அவற்றுள் எளிதில் அடையாளங் காணத்தக்கது பொறிவண்டு ஆகும். பிளந்த கடலையைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற குவிந்த உடலும், செம்மை அல்லது செம்மஞ்சள் நிறமுள்ள பளபளப்பான மேற்சிறகுகளும், அவற்றின்மீது கருநிறப் புள்ளிகளோ கோடுகளோ அமைந்திருப்பதும் இதன் பொதுவான தோற்றம். உலகில் ஏறக்குறைய 6000 வகைப் பொறிவண்டுகள் உள்ளன.

ஒரு காலத்தில் எங்கும் மலிந்திருந்த சில பொறிவண்டு வகைகள் சில நாடுகளில் மிகவும் அருகிவிட்டன. அவை அருகியமை பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அறியப்பட்டது. நாள்தோறும் காணும் பொருளை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதே இதற்குக் காரணம். இக்குறையை நீக்குவதற்கு எளிய வழியொன்று உண்டு. வயலிற் காணும் பொறிவண்டைப் படம்பிடித்து, கண்ட இடத்தையும் நாளையும் குறித்து வைப்பதே அவ்வழி. அதனைச் செய்யும் முறையும், அதனாற் கமக்காரருக்கு விளையும் பயனும் இங்கு விளக்கப்படுகின்றன.

பொறிவண்டின் வாழ்க்கையும் அதனால் விளையும் நன்மையும்

பெண்வண்டு இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் நிறமான நீண்ட முட்டைகளைக் கூட்டமாக இடும். சில நாட்களில் முட்டைகள் பொரித்துப் புழுக்கள் வெளிவரும். இப்புழு வளர்ந்த வண்டை எவ்வகையிலும் ஒத்திராது. நீண்டு ஒடுங்கிய கருநிற உடலும், அதன்மீது மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறத் திட்டுகளும், ஆறு கால்களும் உடையதாய், சிறிய முதலையைப்போன்று இலைமீது ஊர்ந்து திரியும். மூன்று முறை தோலுரித்து வளர்ந்தபின் இலையில் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகி, அதிலிருந்து வண்டாக வெளிப்படும். வெப்பமான இடங்களில் முட்டை வண்டாவதற்கு ஏறக்குறைய மூன்று அல்லது நான்கு வாரங்கள் செல்லும்.

புழுவும் வண்டும் ஒரே உணவையே உண்பன. அழுக்கணவன், வெண்மூட்டுப்பூச்சி, செதிற்பூச்சி, இளந்தத்திகள், பிற பூச்சிகளின் முட்டைகள் ஆகியன இவற்றின் இரை. அழுக்கணவனை உண்ணும் ஒரு புழு தன் வளர்ச்சிக் காலத்தில் நூற்றுக்கணக்கான அழுக்கணவன்களைத் தின்றுவிடும். ஆயினும் இப்புழுவைப் பயிரைத் தின்னும் புழுவென எண்ணி நசுக்கிவிடுவோர் பலர். வெண்மூட்டுப்பூச்சியை உண்ணும் சில பொறிவண்டுகளின் புழுக்கள் வெண்மையான மெழுகினால் மூடப்பட்டிருப்பதால், அவையும் வெண்மூட்டுப்பூச்சிகள் எனவே தோன்றும். உற்று நோக்கின், இரையைத் தேடி அவை விரைந்து நடமாடுவது தெரியும்.

பொறிவண்டின் பயனை உலகறியச் செய்த நிகழ்ச்சி ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் நிகழ்ந்தது. ஆங்கே ஒருவகை வெண்பஞ்சுச் செதிற்பூச்சி தோடைத் தோட்டங்களை அழித்துவந்தது. அப்பூச்சியின் தாயகம் அவுஸ்திரேலியா எனக் கண்டு, 1888ஆம் ஆண்டில் அல்பேட் கோபலே என்னும் பூச்சியியலாளர் அங்கு அனுப்பப்பட்டார். அவர் அனுப்பிய றொடோலியா என்னும் சிறு பொறிவண்டுகளுள் முதலில் வந்து சேர்ந்தவை 129 மட்டுமே. அவை பெருகித் தோட்டங்கள் எங்கும் பரவின. 1889ஆம் ஆண்டு முடிவதற்குள் செதிற்பூச்சியின் கொடுமை பெரிதும் அடங்கிற்று.

அருகிய வகைகள் கண்டறியப்பட்ட வரலாறு

வட அமெரிக்காவில் ஒன்பது புள்ளிப் பொறிவண்டு என்றொரு வகை உண்டு. அது முன்னர் அக்கண்டத்தில் மிகப் பரவலாகக் காணப்பட்ட வகைகளுள் ஒன்று. 1989ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலம் அதனைத் தன் மாநிலப் பூச்சியாகவும் ஏற்றது. ஆனால், 1982ஆம் ஆண்டிற்குப் பின்னர் அம்மாநிலத்தில் அதனைக் கண்டவர் எவரும் இலர். மாநிலத்தின் சின்னமாக அது ஏற்கப்பட்டபோதே அம்மாநிலத்திற் காணக்கிடையாததாய் இருந்தது.

கோர்னெல் பல்கலைக்கழகப் பூச்சியியலாளர் ஜோன் லோசி என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் 2000ஆம் ஆண்டில் "காணாமற்போன பொறிவண்டுத் திட்டம்" என்னும் முயற்சியைத் தொடங்கினர். நாடு முழுவதும் சென்று தேடுதற்குச் சில அறிஞர்களால் இயலாது. ஆகவே பள்ளிச் சிறுவர், தோட்டக்காரர், கமக்காரர் ஆகியோர் தாம் காணும் பொறிவண்டுகளைப் படம்பிடித்து, இடத்தையும் நாளையும் குறித்து அனுப்புமாறு வேண்டப்பட்டனர். 2006ஆம் ஆண்டில் வேர்ஜீனியா மாநிலத்தில் சிறுவர் இருவர் தம் வீட்டருகே ஒன்பது புள்ளிப் பொறிவண்டொன்றைக் கண்டனர். அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் 14 ஆண்டுகளின் பின் அறியப்பட்ட முதல் வண்டு அதுவே. 2009ஆம் ஆண்டில் ஒறிகன் மாநிலத்திலிருந்து ஒரு சிறுமியும் தாயும் அனுப்பிய படங்களால் அங்கே அவ்வகை கூட்டமாக வாழ்வது தெரியவந்தது. 2011ஆம் ஆண்டில், நியூயோர்க் மாநிலத்தின் லோங் தீவிலுள்ள பண்ணையொன்றில், 29 ஆண்டுகளின் பின் அவ்வண்டு மீண்டும் காணப்பட்டது. வாழும் வண்டுகள் இருக்குமிடம் தெரிந்தமையால், அவற்றைப் பிடித்து ஆய்வுகூடத்திற் பெருக்கவும், அவை அருகியதன் காரணத்தை ஆராயவும் வழி பிறந்தது.

ஐரோப்பாவிலிருந்து அழுக்கணவனை அடக்குவதற்கெனக் கொண்டுவரப்பட்ட ஏழு புள்ளிப் பொறிவண்டு 1973ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் நிலைகொண்டது. அது பரவிய காலமும் ஒன்பது புள்ளிப் பொறிவண்டு குறைந்த காலமும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தமையால், இரைக்கான போட்டி ஒரு காரணமாகக் கருதப்படுகின்றது. நோய், ஒட்டுண்ணி, நிலப்பயன்பாட்டு மாற்றம் என்பனவும் ஆராயப்பட்டன.

பிரித்தானியாவில் நிகழ்ந்தது இதனினுந் தெளிவானது. ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட பல்வண்ணப் பொறிவண்டு என்னும் வகை 2004ஆம் ஆண்டில் அங்கு முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. மறு ஆண்டே பொதுமக்களின் உதவியுடன் அதன் பரம்பலைக் குறிக்கும் வேலை தொடங்கிற்று. அந்நாட்டில் முன்பிருந்தே மக்கள் அனுப்பிய பதிவுகள் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. இரு காலப் பதிவுகளையும் ஒப்பிட்டபோது, புதிய வகை வந்த ஐந்து ஆண்டுகளுள் பிரித்தானியாவில் இரு புள்ளிப் பொறிவண்டு 44 வீதத்தாற் குறைந்தமை தெரிந்தது. பிரித்தானியாவிலும் பெல்ஜியத்திலும் ஆராயப்பட்ட எட்டு வகைகளுள் ஏழு குறைந்திருந்தன என 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது.

இவ்விரு நாடுகளின் அனுபவத்தாற் பெறப்படும் பாடங்கள் இரண்டு. முதலாவது, நன்மை செய்யும் பூச்சியாயினும் தகுந்த ஆராய்ச்சியின்றி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லல் ஆகாது. இரண்டாவது, முன்னைய பதிவு இருந்தாலன்றிப் பின்னைய குறைவை அளக்க முடியாது. குறைந்தபின் எழுதத் தொடங்குவதினும், மலிந்திருக்கும்போதே எழுதி வைப்பது மேல்.

இலங்கைப் பயிர்நிலங்களிற் காணப்படும் வகைகள்

கமக்காரர் பின்வரும் வகைகளை முதலில் அறிந்துகொள்ளல் நன்று.

நெல்வயற் பொறிவண்டு: மைக்கிறாசுப்பிசு என்னும் இனத்தைச் சேர்ந்தது. செம்மஞ்சள் அல்லது சிவப்பு நிறமுடையது. மேற்சிறகுகள் சந்திக்கும் நடுக்கோடு கருமையாயிருக்கும். பெரிய புள்ளிகள் இரா. பகல் வேளையில் நெற்பயிரின் மேற்பகுதியில் நடமாடி, இளந்தத்திகளையும் பூச்சி முட்டைகளையும் உண்ணும். நெல் பூக்கும் காலத்தில் மகரந்தத்தையும் உண்பதால், அப்போது கதிர்களிற் பெருந்தொகையாகக் காணப்படலாம். அதனைக் கண்டு கதிரைக் கெடுக்கும் வண்டென எண்ணி மருந்தடித்தல் தவறு.

நெளிகோட்டுப் பொறிவண்டு: மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறத்தின்மேல் நெளிந்து செல்லும் கருநிறக் கோடுகள் உடையது. பயற்றை, கௌபி, மிளகாய், கத்தரி ஆகிய பயிர்களில் அழுக்கணவன் உள்ள இடங்களில் இதனைக் காணலாம்.

குறுக்குப்பட்டைப் பொறிவண்டு: கடுஞ்சிவப்பு அல்லது செம்மஞ்சள் நிறமும், நடுவே நீளக் கருங்கோடும், இருபுறமும் குறுக்கான கரும்பட்டைகளும் உடையது. இதுவும் அழுக்கணவனை உண்பது.

எட்டுப்புள்ளிப் பொறிவண்டு: முற்கூறியவற்றினும் சற்றுப் பெரியது. புள்ளிகள் சிலவற்றில் ஒன்றோடொன்று இணைந்து பட்டைபோலவும், சிலவற்றில் மிகக் குறைந்தும் இருக்கும். நெல்வயலிலும் பிற பயிர்களிலும் காணப்படும்.

கத்தரி இலையை அரிக்கும் புள்ளிவண்டு: இதுவும் பொறிவண்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் பயிரை உண்பது. கத்தரி, பாகல் முதலியவற்றின் இலைகளிற் பச்சையத்தைச் சுரண்டி, நரம்புகள் மட்டும் எஞ்சிய சல்லடைபோல ஆக்கிவிடும். மங்கிய செங்கல் நிறமும் மேற்சிறகுகளில் 28 வரையான புள்ளிகளும் கொண்டது. நுண்ணிய மயிர்கள் மூடியிருப்பதால் இதன் உடல் பளபளப்பதில்லை. மஞ்சள் நிறமான இதன் புழுவின் உடலெங்கும் கிளைத்த முட்கள் நிறைந்திருக்கும். பளபளப்பான வண்டு நண்பன், மங்கிய மயிர்வண்டு பகைவன் என்பதைக் கமக்காரர் நினைவில் வைத்தல் போதும்.

பூசணி, வெள்ளரி முதலிய கொடிகளின் இலைகளைத் தின்னும் செம்மஞ்சள் நிற வண்டு பொறிவண்டு அன்று. அதன் உடல் நீண்டும், உணர்கொம்புகள் நீளமாயும் இருக்கும். பொறிவண்டின் உணர்கொம்புகள் குறுகி, நுனி சற்றுப் பருத்திருக்கும்.

தேடும் முறை

காலை வெயில் ஏறுவதற்கு முன்னர் தேடுதல் நன்று. அவ்வேளையில் வண்டுகள் விரைந்து பறப்பதில்லை. முதலில் அழுக்கணவன் மொய்த்த இளந்தளிர், பூங்கொத்து, இலையின் அடிப்புறம் ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். எறும்புகள் ஏறியிறங்கும் செடியில் அழுக்கணவனோ வெண்மூட்டுப்பூச்சியோ இருத்தல் கூடும். அங்கே பொறிவண்டும் இருக்கலாம். வரப்பிலுள்ள புல்பூண்டுகளையும் விட்டுவிடலாகாது. பயிர் இல்லாத காலத்தில் வண்டுகளுக்குப் புகலிடமாவன அவையே.

செடியை அசைத்தால் வண்டு கால்களை மடக்கிக்கொண்டு நிலத்தில் விழும். ஆகையால் அணுகும்போது செடியின்மீது நிழல் படாமலும் இலை அசையாமலும் செல்லல் வேண்டும். காய்கறிச் செடியின் கீழே வெண்துணி ஒன்றை விரித்துக் கிளையை மெல்லத் தட்டினால், விழும் வண்டுகளைத் துணியிற் காணலாம்.

எண்ணிக்கையைப் பிற்காலத்தில் ஒப்பிடுவதற்கு ஒரே ஒழுங்கைப் பின்பற்றுதல் இன்றியமையாதது. ஒவ்வொரு வாரமும் ஒரே வயலில், ஒரே வழியாக, ஏறக்குறைய ஒரே நேரத்திற் சென்று, 20 இடங்களில் ஒவ்வொரு நெற்பற்றையை அல்லது ஒவ்வொரு செடியை நோக்கி, கண்ட வண்டுகளை எண்ணி எழுதுதல் வேண்டும். ஒருநாள் பத்து நிமிடமும் மறுநாள் ஒரு மணிநேரமும் தேடிப் பெற்ற எண்களை ஒப்பிடுவதாற் பயன் இல்லை. ஒன்றும் காணப்படாத நாளில் "இல்லை" என எழுதுதல் வேண்டும். எழுதாது விட்ட நாள் தேடாத நாளாகவே கொள்ளப்படும்.

படம்பிடிக்கும் முறை

வண்டைக் கண்டேன் என்னும் சொல்லைப் பிறர் சரிபார்க்க இயலாது. படம் இருப்பின் எந்நாளும் சரிபார்க்கலாம். ஒன்பது புள்ளி வண்டுக்கும் ஏழு புள்ளி வண்டுக்கும் உள்ள வேறுபாடுகளுள் ஒன்று ஒரு மேற்சிறகில் ஒரு புள்ளி அதிகமாயிருத்தல் ஆகும். சில ஒன்பது புள்ளி வண்டுகளிற் புள்ளிகள் குறைந்தும் இருக்கும். இத்தகைய நுண்ணிய வேறுபாட்டை நினைவைக் கொண்டு துணிதல் அரிது.

விலையுயர்ந்த கமரா தேவையில்லை. கைத்தொலைபேசியின் கமரா போதும். பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளலாம்.

1. வண்டு இருக்கும் இடத்திலேயே, இலையுடன் முதற் படத்தை எடுத்தல் வேண்டும். எப்பயிரில், எவ்விரையின் அருகே இருந்தது என்பது இப்படத்தால் விளங்கும்.

2. அடுத்து, நேர் மேலிருந்து முதுகு முழுவதும் தெரியுமாறு எடுத்தல் வேண்டும். தலைக்குப் பின்னுள்ள கேடயம் போன்ற பகுதியில் அமைந்த வெண்ணிற, கருநிறக் குறிகளும் தெளிவாகத் தெரிதல் அவசியம். வகையைத் துணிவதற்கு அவை மேற்சிறகின் புள்ளிகளைப்போன்றே முக்கியமானவை.

3. பின்னர் முன்புறத்திலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம் எடுத்தல் நன்று.

4. கமராவை வண்டுடன் மிக நெருக்கிப் பிடித்தால் உருவம் மங்கும். சற்று விலக்கிப் பிடித்து, திரையில் வண்டின்மீது விரலால் தொட்டு, உருவம் தெளிந்தபின் எடுத்தல் வேண்டும்.

5. கடும் வெயிலிலும் கமராவின் மின்னொளியிலும் வண்டின் முதுகு கண்ணாடிபோல ஒளிவீசுவதாற் புள்ளிகள் மறைந்துவிடும். குடை அல்லது தொப்பியின் மெல்லிய நிழலில் எடுத்தல் சிறந்தது.

6. அளவை அறிதற்கு அடிமட்டம் ஒன்றை அருகில் வைத்து ஒரு படம் எடுக்கலாம்.

வண்டு ஓரிடத்தில் நில்லாது ஓடுமாயின், சிறு போத்தலில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஐந்து நிமிடம் வைத்தால் சிறிது நேரம் அசையாதிருக்கும். உறைகுளிர்ப் பகுதியில் வைத்தல் ஆகாது. வெறுந் தாள் ஒன்றின்மீது வைத்துப் படமெடுத்தபின், பிடித்த இடத்திலேயே விட்டுவிடல் வேண்டும். கையிற் பிடிக்கும்போது கால்மூட்டுகளிலிருந்து மஞ்சள் நிறமான கசப்பு நீர் கசியும். பறவைகளும் எறும்புகளும் தன்னை உண்ணாதிருத்தற்கு வண்டு கைக்கொள்ளும் உபாயம் அது. அது கண்ணிற் படாமற் கைகளைக் கழுவிக்கொள்ளல் வேண்டும்.

படத்துடன் எழுதவேண்டியவை

நாள், நேரம், ஊர், பயிரின் பெயர், பயிரின் வயது, கண்ட வண்டுகளின் எண்ணிக்கை, தேடிய நேரம், அருகிற் காணப்பட்ட இரைப்பூச்சி, கடைசியாக மருந்தடித்த நாள், மருந்தின் பெயர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்தல் வேண்டும். புழுவையும் கூட்டுப்புழுவையும் கண்டாலும் வேறாக எழுதுதல் வேண்டும். வண்டு வேறிடத்திலிருந்து பறந்து வந்திருக்கலாம். புழு காணப்படின் அவ்வயலிலேயே இனம் பெருகுகின்றது என்பது உறுதி.

வகை தெரியாதவிடத்துப் படத்தை அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டலாம். இணையத்தொடர்பு உள்ளவர்கள் 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஐநேச்சுரலிஸ்ட் என்னும் உலகப் பொதுப்பதிவேட்டிற் படத்தைச் சேர்க்கலாம். அங்கே பிற நாடுகளிலுள்ளோரும் வகையை அடையாளங் காண உதவுவர். தம் காணி அமைந்துள்ள சரியான இடத்தைப் பிறர் அறியாவண்ணம் மறைத்து வைக்கவும் அதில் வசதி உண்டு. வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளைகள் இவ்வேலையில் நன்கு உதவுவர். அமெரிக்காவில் அருகிய வண்டை மீண்டும் கண்ட கண்களுள் சிறுவர் கண்களும் இருந்தன.

பதிவினாற் கமக்காரருக்கு விளையும் பயன்

இப்பதிவு ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உதவுவதன்று. மருந்தடிப்பதா, பொறுப்பதா என்று கமக்காரர் துணியவேண்டிய வேளையில் அவருக்கே உதவுவது.

அழுக்கணவன் மொய்த்த பயற்றைச் செடியைக் கண்டவுடன் மருந்தடித்தால், அழுக்கணவனுடன் அதனைத் தின்னும் புழுவும் வண்டும் மடியும். எஞ்சிய சில அழுக்கணவன்கள் மிக விரைவாகப் பெருகும். பொறிவண்டு மீண்டும் பெருகுவதற்கோ வாரங்கள் செல்லும். இடைக்காலத்தில் மீண்டும் மருந்தடிக்கவேண்டி வரும். இவ்வாறு செலவு இரட்டிக்கும்.

நெல்லில் இது இன்னும் கொடியது. பல இடங்களில் அறக்கொட்டியான் என வழங்கும் கபிலநிறத் தத்தி, தன் முட்டைகளை இலைமடலின் உள்ளே இடும். மேலே தெளிக்கும் மருந்து பெரும்பாலும் அம்முட்டைகளைத் தாக்குவதில்லை. மருந்தினாற் சிலந்திகளும் பொறிவண்டுகளும் பிற இரைகொல்லிகளும் அழிந்த வயலில், பின்னர் பொரிக்கும் தத்திக்குஞ்சுகளைத் தடுப்பார் இல்லை. இந்தோனீசியாவில் இவ்வாறு மருந்தடித்த வயல்களில் தத்தி பெருகியமையால், 1986ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் நெல்லுக்குப் பயன்படுத்தப்பட்ட 57 வகைப் பூச்சிகொல்லிகளைத் தடைசெய்தது.

ஆகவே அழுக்கணவனோ தத்தியோ காணப்படும்போது, அவற்றுடன் பொறிவண்டும் புழுவும் சிலந்தியும் எத்தனை உள்ளன என்பதையும் எண்ணுதல் வேண்டும். இரைகொல்லிகள் நிறைந்திருந்து, பயிருக்கு உடனடியான சேதம் இல்லையாயின், சில நாட்கள் பொறுத்து மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். பகைப்பூச்சி குறைந்துவரின் மருந்துக்கு வேலையில்லை. பெருகிவரின் தாமதியாது போதனாசிரியரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும். இரு போகங்கள் எழுதிய கொப்பி கையில் இருப்பின், இத்துணிவு ஊகமாக இராது. தம் வயலில் எவ்வாரத்தில் வண்டு வருகின்றது, மருந்தடித்தபின் எத்தனை வாரம் அது காணப்படுவதில்லை என்பன அதில் எழுதப்பட்டிருக்கும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. பளபளப்பான பொறிவண்டையும் முதலை வடிவான அதன் புழுவையும் கொல்லலாகாது.

2. கத்தரி, பாகல் இலைகளை அரிக்கும் மங்கிய நிறப் புள்ளிவண்டைப் பிரித்தறிதல் வேண்டும். அதனையும் அதன் முட்டைக் கூட்டங்களையும் கையாற் பொறுக்கி அழிக்கலாம்.

3. வாரந்தோறும் ஒரே முறையில் எண்ணி, காணாத நாளையும் எழுதுதல் வேண்டும்.

4. மேலிருந்து எடுத்த தெளிவான படம் ஒன்றேனும், இடமும் நாளும் குறித்து வைக்கப்படல் வேண்டும்.

5. வண்டுகளை வேறிடங்களுக்குக் கொண்டுசெல்லாது, கண்ட இடத்திலேயே விடுதல் வேண்டும்.

6. மருந்தடிக்குமுன் பகைப்பூச்சியை மட்டுமன்றி, அதனை உண்ணும் பூச்சியையும் எண்ணுதல் வேண்டும்.

விதைத்த நாளையும் அறுத்த நாளையும் குறித்து வைக்கும் கமக்காரர் பலர். அதே கொப்பியில் வாரம் ஒரு வரி பொறிவண்டுக்கும் ஒதுக்குவாராயின், வயலைக் காக்கும் இச்சிறு வண்டு குறையத் தொடங்கும்போதே அது தெரியவரும். அப்போது செய்யவேண்டியதைக் காலந்தாழ்த்தாது செய்தல் கூடும்.